ஜனாஸா வேனுக்கு அடியில்

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லப் போனால் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுத்து.

அப்பாவை அடக்கிய அன்று, மையவாடியில், இறந்தவர்களை ஏற்றிப்போகும் ஜனாஸா வேனுக்கு அடியில் நான் படுத்துக் கிடந்ததை, மகன், நீ பார்த்தாய். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, கையெல்லாம் கபுர் மண். வீட்டுக்கு வந்து உன் மூத்தவளான ராத்தாவிடம், "வாப்பா வேனுக்குக் கீழ படுத்து அழுதார்" என்று சொல்லியிருக்கிறாய். ஊரும் அப்படித்தான் நினைத்தது. தகப்பனை மண்ணில் வைத்த துக்கத்தில் மனிதன் தடுமாறி விழுந்துவிட்டான் என்று தண்ணீர்ப் போத்தலோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

நான் அழவில்லை. விழவும் இல்லை. ஒரு சிவப்புக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அது என்ன கோடு என்று சொல்வதற்கு முதல், அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் அப்பா என்று கூப்பிட்டவர் எனக்கு வாப்பா, என்னைப் பெற்றவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் போகச் சொன்னபோது, என்னைத் தோளில் வைத்துக்கொண்டு இந்தப் புத்தளக் கரைக்கு வந்தவர். அங்கே அவருக்குச் சொந்தமாக ஒரு தோணி இருந்தது. இங்கே வந்து உப்பளத்தில் உப்பு வாரினார், மாம்புரிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சினார். உப்பு தின்ற காலோடு சாகும்வரை நடந்தார். அகதி முகாமில் அரிசிக்கு வரிசை, பாய்க்கு வரிசை, மருந்துக்கு வரிசை. எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த வரிசைகளில் நானும் அவருடைய சாரன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதனால்தான் அவருக்கு ஒரேயொரு ஆசை வந்தது. நாங்கள் முகாமைவிட்டு வெளியே வந்து, இந்தத் தெருவில் காணித்துண்டு வாங்கி, கல்வீடு கட்டிக் குடியேறிய பிறகு வந்த ஆசை. எங்கள் பகுதியில் ஒரு ஜனாஸா சங்கம் இருக்கிறது. அதில் பெயர் உள்ள வீட்டில் ஒரு மௌத்து, ஒரு சாவு நடந்தால், யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. செய்தி போனதும் வேன் வரும், மையத்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கு வரும், கபுர் வெட்ட ஆள் போகும். பெயர் இல்லாத வீட்டுக்கும் வேன் வரும்தான். ஆனால் தலைவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் சரி என்று சொல்ல வேண்டும். எங்களைப் போல வந்து குடியேறியவர்களின் பெயரை அந்தச் சங்கத்தில் அதுவரை சேர்த்ததில்லை. சேர்க்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நெஞ்சுவருத்தம் வந்து வாப்பா கட்டிலோடு கிடக்கத் தொடங்கிய நாட்களில் என்னிடம் சொன்னார்: "மகன், நான் மௌத்தானா யாருக்கிட்டயும் போய் வாகனம் கேட்டு நிக்காத. உயிரோட கேட்டு வாங்கினது போதும். மையத்தாப் போகக்குள்ளயாவது உரிமையோட போகணும்."

இதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. அவர் கண்ணை மூடுவதற்கு முதல் அவருடைய பெயரை அந்தச் சங்கத்தில் ஏற்ற வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சங்கத்தின் அந்த வேனே, வாகனம் திருத்தும் என் கராஜுக்கு வந்தது.

வேன் ஜப்பானில் ஓடிக் கழிந்து இங்கே வந்தது. ஓட்டோ கியர், தானாகவே கியர் மாறும். திறப்பைப் போட்டுத் திருகினால் உள்ளே பதிந்துவைத்த ஒரு பெண்பிள்ளையின் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. ட்ரைவர் ஒவ்வொரு முறையும், "வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வேனை எடுப்பார். மையத்து ஏற்றும் வேனில் வேலை செய்கிறவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "நானா, எஞ்சின் கத்துது, வேன் போகுதில்ல. கால மிதிச்சா எழும்பி நிக்கிது, பொறகு ஒரே இடி" என்றார். சங்கத் தலைவரும் கூடவே வந்திருந்தார். கருவாட்டுக் கடைக்காரர், நாங்கள் ஹாஜியார் என்று கூப்பிடுகிறவர்.

நான் கீழே படுத்து கியர் பொக்ஸின் ஒயிலைக் கொஞ்சம் கழற்றிவிட்டேன். நல்ல ஒயில் என்றால் மாதுளைச் சாறு போலக் கண்ணாடிச் சிவப்பாக இருக்க வேண்டும். வந்தது இளஞ்சிவப்புப் பாலாக, கட்டியாக வந்தது. நோன்பு காலத்தில் நாம் கடையில் வாங்கிக் குடிக்கும் பலூடாவின் நிறம். விரலில் தொட்டு நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

"இந்த வேன் எங்க நீந்தப் போச்சு?" என்று கேட்டேன்.

"வேன் நீந்துமா நானா?"

"நீந்தியிருக்கு. உள்ள களப்புத் தண்ணி."

ட்ரைவர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் வெளியே பார்த்தார். பிறகு கதை வந்தது. சில கிழமைகளுக்கு முதல் எங்கள் உப்புநீர்க் களப்பில் ஒரு மீன்பிடிக்காரர் தவறிப்போயிருந்தார். தேடி எடுத்தவர்கள் தோணியில் கொண்டுவந்தார்கள். வற்று நேரம். தோணி கரையோரம் வர முடியாமல் தூரத்திலேயே தட்டிவிட்டது. கரையில் அந்த மனிதரின் பிள்ளைகள் கதறிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ட்ரைவர் வேனைப் பின்பக்கமாகத் திருப்பி, தண்ணீருக்குள்ளேயே இறக்கி, தோணியின் அணியத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டார்.

"ரெண்டு நாள் தண்ணியில கெடந்த மனுசன நானா. இன்னும் தண்ணிக்குள்ளால தூக்கிட்டு வரச் சொல்றதா?" என்றார் ட்ரைவர்.

கியர் பொக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. சூடான பொக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அந்தக் குழாயால் தண்ணீரை உள்ளே இழுக்கும். வேறு ஊரில் ஓட்டோ கியர் வேனைக் கடலுக்குள் இறக்கினவன் பைத்தியக்காரன். எங்கள் கரையில் அவன் இரக்கமுள்ளவன். அந்தப் பிழையை வேறு யாரும் செய்யப்போவதில்லை. அதற்காக அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை.

பொக்ஸின் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். வால்வ் பொடி போய்விட்டிருந்தது. வால்வ் பொடி என்றால், பிள்ளைகள், தூள் இல்லை, அது ஓர் அலுமினியக் கட்டை. அதற்குள்ளே வளைந்து வளைந்து வாய்க்கால்கள். அவற்றில் ஒயில் ஓடும். பென்சிலைவிட மெல்லிய வால்வுகள் முன்னும் பின்னும் நகர்ந்து, எந்த வாய்க்காலைத் திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிக்கும். அதை வைத்துத்தான் கியர் மாறும். உப்பு அதைத் தின்றிருந்தது. வால்வுகள் தங்கள் துளைகளிலேயே பிடித்துக் கிடந்தன.

அந்தப் பழைய கட்டையை அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து வாப்பாவிடம் காட்டினேன். அவர் தலையணையில் சாய்ந்தபடி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உப்பளம்தானே" என்றார். "பாத்தி இரிக்கி, வாய்க்கால் இரிக்கி. மடை எங்க?"

வால்வைக் காட்டினேன். "இதுதான் மடை வாப்பா."

"மட தொறக்காட்டி உப்பளமே செத்துப் போகும்" என்றார். பிறகு, "இந்த வேலய நல்லாச் செய் மகன்" என்றார். ஹாஜியார் என்னிடம் சொன்னதை நான் அவருக்கு ஏற்கனவே சொல்லியிருந்தேன்.

ஹாஜியார் சொன்னது இதுதான்: "தம்பி, இத நீங்க செஞ்சு தாங்க. அடுத்த கூட்டத்தில ஒங்கட வாப்பாட பேர நானே வாயால சொல்லி வைக்கிறன். நான் சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க."

நானாகக் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அதைச் சொல்லும்போது என் தோளில் கையும் வைத்தார். நான் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கொழும்பில் பழைய சாமான் விற்கும் இடத்தில் அதே மாதிரி ஒரு வால்வ் பொடி கிடைத்தது. நல்ல பொடி. ஆனால் எங்கள் ஊரில் அதை மாட்டுவது சும்மா வேலை இல்லை. கச்சான் காற்று அடிக்கும் காலம். மத்தியானத்துக்கு முதலே மணலும் உப்புப் பொடியும் பறக்கத் தொடங்கிவிடும். ஒரு மணல் அந்த வாய்க்காலுக்குள் போனால் போதும், ஒரு வால்வு நிற்கும், ஒரு கியர் போகும். அதனால் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு கராஜுக்குப் போனேன். நிலத்துக்குத் தண்ணீர் அடித்தேன். வாசலில் நனைத்த போர்வையைத் தொங்கவிட்டேன், உங்கள் உம்மாவிடம் சொல்லாமல் எடுத்துப் போன நல்ல போர்வை. அதற்கு அவள் என்னை ஏசிய ஏச்சு உங்களுக்கு நினைவிருக்கும்.

பொக்ஸின் உள்ளே இருந்த பலூடாவை முழுக்க எடுக்கப் பல முறை ஒயில் விட்டு, ஓடவிட்டு, கழற்ற வேண்டியிருந்தது. ஒயிலைக் குளிர வைக்கும் குழாய்களையும் பிரித்து ஊதினேன். கடைசியில் சிவப்பாக வந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பொடியைத் தொட்டேன். துணி பட விடவில்லை. ஒரு நூல் இழை உள்ளே போனாலும் கெடுதி. பெற்றோலில் கழுவி, காற்றால் ஊதி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு எடுத்தேன். தொழுகைக்கு வுளூச் செய்தது போல இருந்தது.

அதை மேலே தூக்கிப் பிடித்து மாட்டும்போது ஒரு கொக்கி இருக்கிறது. கியர்த் தடியோடு போகும் கம்பியின் முனை, பொடிக்குள் இருக்கும் நீட்டு வால்வின் பள்ளத்தில் விழ வேண்டும். அது விழாமலே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிடலாம். வெளியே பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். தடியைத் தள்ளினால் தள்ளுப்படும். ஆனால் உள்ளே ஒன்றும் நடக்காது. சொல்லும் சொல்லுக்கும் செய்யும் செயலுக்கும் நடுவே தொடுப்பில்லாத மனிதர்களைப் போல. நான் லைட்டைப் பிடித்து, சின்னக் கண்ணாடியில் பார்த்து, முனை பள்ளத்தில் விழுந்ததை உறுதிப்படுத்தினேன்.

போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. குட்டைக்கு நெட்டையைப் போட்டால் பொக்ஸ் துளைபடும். கழற்றும்போதே ஒரு மட்டைப் பெட்டியில் பொடியின் படத்தைக் கீறி, அந்தந்த இடத்தில் அந்தந்த போல்ட்டைக் குத்தி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் முதலில் விரலால் ஏற்றினேன். பிறகு நடுவிலிருந்து வெளியே வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கத்தை அளந்து சொல்லும் ஸ்பேனரால் இறுக்கினேன். பலம் இருக்கிறது என்று இறுக்கினால் அலுமினியம் வளையும். வளைந்தால் வால்வு பிடிக்கும். அந்த வேலையில் கை அடங்கித்தான் நடக்க வேண்டும்.

வயர்களைக் கொழுவி, சல்லடையை மாட்டி, காந்தங்களைத் துடைத்து வைத்து, கடைசியில் கீழ்த் தட்டை ஏற்றினேன். அந்தத் தட்டின் போல்ட்டுகளை இறுக்கிய பிறகு ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் தட்டுக்கு ஒரு கோடு போடுவது என் பழக்கம். இறுக்கிய போல்ட்டு தானாக இளகினாலோ, யாராவது கழற்றினாலோ, கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். வழமையாகப் போடும் பெயின்ற் காய்ந்துபோயிருந்தது. மகள், உன்னுடைய சிவப்பு நகச்சாயம் மேசையில் இருந்தது. நீ தம்பிதான் எடுத்தான் என்று அவனோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தாயே, அது நான்.

மூச்சுக் குழாய்க்கும் ஒரு நீட்டுக் குழாய் போட்டு எஞ்சினுக்கு மேல்வரை கொண்டுபோய்க் கட்டினேன். ட்ரைவரிடம், "இனி மையத்துக்காக எறங்கினாலும் தண்ணி உள்ள வராது. ஆனா எறங்காதீங்க" என்றேன். அவர் சிரித்தார்.

களப்போரத் தெருவில் ஓட்டிப் பார்த்தோம். ஹாஜியார் பக்கத்தில் இருந்தார். முதல் கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. மாறினது தெரியவில்லை, எஞ்சினின் குரல் மட்டும் இறங்கியது. "பால் மாதிரிப் போகுது தம்பி" என்று அவர் சொன்னார். அவர் வாயால்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கூட்டம் எப்ப?"

கூட்டம் தள்ளிப்போனது. யாரோ உம்ராவுக்குப் போயிருந்தார், யாரோ வீட்டில் கலியாணம். வாப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகும் என் முகத்தைப் பார்ப்பார். நான் இன்னும் இல்லை என்பேன். வேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது எங்கள் தெருவால் போகும்போது கட்டிலில் கிடந்தபடியே காதைக் கொடுத்துக் கேட்பார். "ஒன்ட உப்பளம் போகுது" என்பார்.

பிறகு அந்த நாள் வந்தது. ஊரில் மதிப்பான ஒருவரின் ஜனாஸா. வீட்டு வாசல் நிறைய ஆட்கள். மையத்தை வேனில் ஏற்றியாகிவிட்டது. திறப்பைத் திருகினால் ஜப்பான் பிள்ளை பேசுகிறது, எஞ்சின் எழும்பவில்லை. ட்ரைவர் கியர்த் தடியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டியிருக்கிறார். ஒன்றும் இல்லை. பதற்றத்தில், "கியர் போயிட்டு போல" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சந்தூக்கை இறக்கி, தெருவில் நின்ற தேங்காய் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஓட்டோ கியர் வேனில் கியர்த் தடிக்குப் பக்கத்தில் வெளியே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. தடி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது என்று அது சொன்னால்தான் எஞ்சின் எழும்பும். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அதன் வயர்தான் முதலில் உக்கிப் போகும். அன்றைக்கு நான் அங்கே நின்றிருந்தால் வாசலிலேயே சரி செய்திருப்பேன். நான் அப்போது வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வரும்போது வேனை சிலாபம் பக்கத்து மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேன் திரும்பி வந்த பிறகு ஹாஜியாரின் கடைக்குப் போனேன். கருவாட்டுச் சாக்குகளில் மூன்று நான்கு பேர் சாய்ந்திருந்தார்கள்.

"ஹாஜியார், வேன என்னட்ட ஒருக்கா காட்டியிருக்கலாமே."

"காட்டி? திரும்பக் கழட்டவா? ஒரு மையத்து தேங்காய் லொறியில போச்சு தம்பி. எனக்கு ஊருக்குள்ள மொகம் இல்ல."

"என்ன கொறை என்டு சொன்னாங்க?"

"பொக்ஸக் கழட்டிப் பாத்தாங்களாம். உள்ள மாட்டினது முழுக்கப் பிழையாம். இத யாரு செஞ்ச என்டு கேட்டாராம் அந்த பாஸ். பதில் சொல்ல எங்களுக்கு வெட்கமாப் போச்சு."

"முழுக்கப் பிழை என்டா அவ்வளவு நாள் எப்படி ஓடின?"

அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அல்லாஹ் ஓட வச்சான்" என்றார்.

சாக்கில் இருந்த ஒருவர், என் முகத்தைப் பார்க்காமல், மற்றவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அகதிக்கிட்டக் குடுத்தா அகதி வேலதான் கெடைக்கும். தகரத்தக் கட்டி, கயித்தப் போட்டு."

சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

எனக்குத் தாடியில் நரை விழுந்துவிட்டது. இந்த ஊரில்தான் படித்தேன், இந்த ஊரில்தான் தொழில் பழகினேன், இந்த ஊரில்தான் கலியாணம் முடித்தேன், நீங்கள் இரண்டு பேரும் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தீர்கள். அந்த ஒரு சொல் மட்டும் முகாம் ஓலைக் குடிசையிலிருந்து என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. உங்கள் பின்னால் வராது என்று நான் நினைத்திருந்தேன். மகன், பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட்டில் உன்னை அப்படிக் கூப்பிட்டதாக உம்மா போன மாதம் சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை.

"வாப்பாட பேர்…" என்று தொடங்கினேன்.

"இந்த நேரத்தில அந்தக் கதைய எடுத்தா நல்லா இரிக்காது தம்பி. கொஞ்சம் போகட்டும்."

நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாப்பாவைப் பார்க்க வருகிறவர்களுக்கும் வாய் இருக்கிறதே. இரவுச் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாணைப் பிய்த்துக் கறியில் தோய்த்து ஊட்டினேன். மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப கேக்கத்தான் வேணும்."

அதற்குப் பிறகு கூட்டம் எப்போது என்று அவர் கேட்கவில்லை. வேன் தெருவால் போனாலும் காது கொடுக்கவில்லை.

அவர் மௌத்தான விடியற்காலையில் நான் கேட்டேன். வேறு வழி என்ன இருந்தது? ஹாஜியாருக்கு டெலிபோன் எடுத்து, "வாப்பா போயிட்டார் ஹாஜியார். வேன் வேணும்" என்றேன். அவர் உடனே, "இன்னா லில்லாஹி… அதுக்கென்ன தம்பி, அனுப்புறன், நானும் வாறன்" என்றார். அனுப்பினார். வந்தார். கபுருக்கு ஆளும் போட்டார். ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் நான் எழுதத்தான் வேண்டும். கேட்டதும் தந்தார். கேட்கத்தான் வேண்டியிருந்தது.

சந்தூக்கின் பக்கத்தில் நான் இருந்தேன். ஹாஜியார் முன் ஆசனத்தில். ட்ரைவர் திறப்பைத் திருகினார். ஜப்பான் பிள்ளை பேசியது. அன்றைக்கு அவர் ஸலாம் சொல்லவில்லை.

வேன் நகர்ந்தது. என் ஒரு கை சந்தூக்கின் கம்பில். வாயில் கலிமா. ஆனால் காது, நான் சொல்லாமலே, கீழே போய்விட்டது. முதல் கியர். இரண்டாவது. இடி இல்லை, இழுப்பு இல்லை. சந்தூக்கின் மேல் போர்த்த துணிகூட அசையவில்லை. மூன்றாவது. எனக்குத் தெரிந்த குரல் அது. களப்போரத் தெருவில் அன்று கேட்டேனே, அதே குரல்.

பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுகை முடிந்து மையவாடிக்குத் திரும்பும் வளைவில் ஹாஜியார் பின்னால் திரும்பி, ஆறுதலுக்காகத்தான் என்று நினைக்கிறேன், மெதுவாகச் சொன்னார்: "குலுங்காமப் போகுது பாத்தீங்களா தம்பி. இப்ப வேலை தெரிஞ்ச கை பட்டிரிக்கி."

நான் வாப்பாவின் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கபுரில் வைத்து, மண் போட்டு, துஆ ஓதி முடிந்தது. ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். வேன் வேப்பமரத்தடியில் நின்றது. நான் நேரே அதனிடம் போனேன். முழங்கால் போட்டேன், பிறகு முதுகைப் போட்டு உள்ளே நகர்ந்தேன்.

கோடு இருந்தது. சேறும் உப்பும் படிந்திருந்ததை விரலால் துடைத்தேன். ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்தேன். தலையிலிருந்து தட்டுவரை, உடையாமல், ஒரு மயிரளவு விலகாமல், உன்னுடைய சிவப்பு, மகள். அந்தத் தட்டைக் கழற்றாமல் வால்வ் பொடியைக் கண்ணாலும் பார்க்க முடியாது. ஒருத்தரும் அதைக் கழற்றியிருக்கவில்லை.

ட்ரைவர் குனிந்து எட்டிப் பார்த்தார். "என்ன நானா தேடுறீங்க?"

"இது கழட்டவே இல்லயே."

அவர் குந்திக்கொண்டார். குரலை இறக்கினார். "எங்க நானா கழட்டின. அந்த சுவிச்சு வயர்தான் உக்கிப் போயிருந்திச்சு. அந்த பாஸ் அத மாத்தினார், ஸ்டார்ட் ஆச்சு. அவ்வளவுதான். பொக்ஸ்ல கைய வைக்காதீங்க, நல்ல வேலை செஞ்சிரிக்கி என்டுதான் அந்த மனுசன் சொன்னார்."

"இது ஹாஜியாருக்குத் தெரியுமா?"

"கூடத்தானே நின்டார்."

அந்த இடத்தில்தான், மகன், நீ என்னைப் பார்த்திருக்கிறாய். அந்த பாஸ் என்னை இளக்காரம் செய்துவிட்டார் என்றுதான் இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் அவரை ஏசிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்த மனிதர் எனக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை வழியிலேயே யாரோ மாற்றிவிட்டார்கள். ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். மையத்தை லொறியில் ஏற்றிய வெட்கத்துக்கு யாராவது ஒருத்தன் தேவைப்பட்டிருக்கும். அதோடு, கூட்டத்தில் வாப்பாவின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்கு ஒரு காரணமும் தேவைப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நான் ஒருவனே போதுமாகிவிட்டேன்.

ஹாஜியார் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். என் முதுகில் இருந்த மண்ணைத் தன் கையால் தட்டினார். "சபூர் செய்ங்க தம்பி, பொறுமையா இருங்க. எல்லாரும் போற வழிதான்." பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க ஒன்டும் யோசிக்காதீங்க. வாற கூட்டத்தில ஒங்கட பேரச் சேத்துடுவம்" என்றார்.

அவர் கண் ஈரமாக இருந்தது. பொய் ஈரம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

"நீங்க சொன்னது வாப்பாட பேர் ஹாஜியார்" என்றேன்.

அவர் என் கையை விட்டார்.

இவ்வளவுதான். கோட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத எதையும் அந்தக் கோடு சொல்லப்போவதில்லை. கூட்டம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். என் பெயர் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை, யாரும் வந்து சொல்லவும் இல்லை.

போன கிழமை ட்ரைவர் வேனைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். கியர் ஒயில் மாற்றும் காலம் வந்துவிட்டது. "தலைவர்தான் ஒங்களுக்கிட்டக் கொண்டு போகச் சொன்னார்" என்றார். உங்கள் உம்மா நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்கிறாள். நான் அனுப்பவில்லை. இனி அதில் ஏறப்போகிறவர்கள் யாரும் எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை.

தட்டைக் கழற்ற ஸ்பேனர் வைத்ததும் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஒயில் சுத்தமாக வந்தது, மாதுளைச் சாறாக. உள்ளே பொடி நான் மாட்டியபடியே இருந்தது. காந்தத்தைத் துடைத்தேன், சல்லடையைக் கழுவினேன், தட்டை ஏற்றினேன், போல்ட்டுகளை அளந்து இறுக்கினேன். கோடு போடவில்லை.

மகள், உன் நகச்சாயப் போத்தல் கராஜ் மேசை லாச்சியில் கிடக்கிறது. பாதிக்கு மேல் இருக்கிறது. எடுத்துக்கொள்.